பத்திர எழுத்தர் மேஜைக்கு எந்தக் கீபோர்டு?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்றால் நெல்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த நெல் வயலிலிருந்து வங்கிக் கணக்குவரை போய்ச் சேருவதற்குள் எத்தனையோ முறை யாரோ ஒருவர் அதைப் பற்றித் தட்டச்சு செய்தாக வேண்டியிருக்கிறது. சிட்டா, அடங்கல், கொள்முதல் பதிவு, பயிர்க் காப்பீடு, குத்தகைப் பத்திரம் எல்லாமே கீபோர்டு வழியாகத்தான் பிறக்கின்றன. சார்பதிவாளர் அலுவலகத்தைச் சுற்றியுள்ள பத்திர எழுத்தர்கள், இ-சேவை மையத்துப் பணியாளர்கள், கும்பகோணத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு டிடிபி செய்பவர்கள் என்று நாள் முழுக்கத் தட்டிப் பிழைப்பவர்கள் இங்கே ஏராளம். இவர்களைப் போன்றவர்களுக்கும் ஆன்லைன் கடைகள் இப்போது புளூடூத் மெக்கானிக்கல் கீபோர்டைக் காட்டுகின்றன. வயர் இல்லை, விசை உறுதி, அடியில் வண்ண விளக்கு வேறு. ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருப்பவை ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு வசதிகள். மெக்கானிக்கல் விசை ஒரே இடத்தில் உட்கார்ந்து மணிக்கணக்கில் தட்டுபவருக்கானது. புளூடூத் இடம் மாறிக்கொண்டே இருப்பவருக்கானது. மேலே சொன்னவர்களில் பெரும்பாலோர் முதல் வகை. அவர்கள் மெக்கானிக்கலுக்குக் காசு கொடுக்கலாம், புளூடூத்துக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பதுதான் என் கட்சி.

முதலில் மெக்கானிக்கலின் நியாயத்தைப் பார்க்கலாம். சாதாரணக் கீபோர்டில் எல்லா எழுத்துக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்பு இருக்கும். எழுத்து விழ வேண்டுமானால் விசையை அடிவரை அமுக்க வேண்டும். மெக்கானிக்கலில் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி ஸ்பிரிங், தனி சுவிட்ச். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980-களில் கொண்டுவந்த எம்எக்ஸ் விசைதான் இன்றைய பெரும்பாலான மாடல்களுக்கு மூலம். அதில் விசை கீழே போகும் தூரம் 4 மில்லிமீட்டர். பாதித் தூரம், அதாவது 2 மில்லிமீட்டர் போனதுமே எழுத்து பதிவாகிவிடும். விரலுக்கு மிச்சமாகும் உழைப்பு ஒரு தட்டலில் தெரியாது, ஐம்பதாயிரம் தட்டலுக்குப் பிறகு சாயங்காலம் தெரியும். தட்டச்சுப் பயிலகத்தில் லோயர், ஹையர் முடித்து வந்தவர்களுக்கு இந்த விசையின் எதிர்விசையும் சத்தமும் புதிதாகவே இருக்காது. மெக்கானிக்கல் என்ற சொல் விளையாட்டுக்காரர்களின் மோகமாக மாறுவதற்கு முன்பே சென்னையின் டிவிஎஸ் எலெக்ட்ரானிக்ஸ் செர்ரியின் நீல விசைகளைப் போட்ட ‘டிவிஎஸ் கோல்டு’ கீபோர்டை இந்தியா முழுக்க வங்கிகளுக்கும் பில் போடும் கவுன்ட்டர்களுக்கும் விற்றிருக்கிறது. தடித்த வயரோடு, எந்த அலங்காரமும் இல்லாமல், டக் டக்கென்று சத்தம் போடும் அந்தப் பண்டம் டிடிபி கடைக்காரர்களுக்கு இன்றும் பழக்கமானது.

உழைக்கும் காலத்தையும் கணக்குப் போடலாம். நிமிடத்துக்கு 200 தட்டல், நாளுக்கு 6 மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 72,000 தட்டல். அதில் பத்தில் ஒரு பங்கு புள்ளி விசை ஒன்றின் தலையிலேயே விழுகிறது என்று வைத்துக்கொண்டால் 7,200. நல்ல மெக்கானிக்கல் விசைக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் ஆயுள் 5 கோடித் தட்டல். வருடத்துக்கு 300 நாள் வேலை என்றால் புள்ளி விசை 23 வருடம் தாங்கும். ரப்பர் விரிப்புக்குப் பொதுவாகச் சொல்லப்படும் 50 லட்சம் முதல் 1 கோடிவரையிலான தட்டல், அதே கணக்கில் இரண்டேகால் வருடத்திலிருந்து நாலரை வருடத்துக்குள் தீர்ந்துவிடும். இதையெல்லாம் நிறுவனங்கள் சோதனைக்கூடத்தில் போட்ட கணக்காகவே எடுத்துக்கொள்ள வேண்டும். தவிட்டுத் தூசியையும் நாகை உப்புக் காற்றையும் அவர்கள் கணக்கில் சேர்த்திருக்கப் போவதில்லை. மெக்கானிக்கலின் குறையும் அங்கேதான் இருக்கிறது. விசைகளுக்கு இடையே தூசி சுலபமாக இறங்கும். டீ கொட்டினால் ஒவ்வொரு சுவிட்ச்சாகப் பார்க்க வேண்டும். அரிசி ஆலை அலுவலகத்துக்கு நானூறு ரூபாய் ரப்பர் கீபோர்டை வருடாவருடம் மாற்றுவதே புத்திசாலித்தனமாகக்கூட இருக்கலாம்.

இப்போது இந்த 23 வருடப் பண்டத்துக்குள் ஒரு லித்தியம் பேட்டரியை வைத்துப் பாருங்கள். புளூடூத் மெக்கானிக்கல் மாடல்கள் பலவற்றில் 4,000 மில்லி ஆம்பியர் அவர் அளவுள்ள பேட்டரி இருக்கிறது. விளக்கை அணைத்து வைத்தால் வாரக்கணக்கில் வரும், முழு வெளிச்சத்தில் விட்டால் சில நாளில் தீரும். இவ்வகை பேட்டரிகள் முழுமையாகச் சில நூறு முறை சார்ஜ் ஆனதுமே கொள்ளளவில் இறங்கத் தொடங்கும். வெப்பம் அந்த இறக்கத்தை விரைவுபடுத்தும். சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே, எந்நேரமும் சார்ஜரில் செருகியபடி கிடக்கும் பேட்டரிக்கு அதைவிட மோசமான வாழ்க்கை அமையாது. தலைமுறைக்கும் உழைக்கக்கூடிய விசையை மூன்று, நாலு வருடத்தில் சோர்ந்துபோகும் உறுப்போடு கட்டிப்போடுவதுதான் இந்தக் கூட்டின் அடிப்படைக் கோளாறு. பேட்டரி போனால் வயரில் செருகி ஓட்டலாமே என்று கேட்பார்கள். பல மாடல்களில் ஓட்டலாம்தான். அப்படிச் செய்யும்போது கையில் இருப்பது வயர் கீபோர்டு, கொடுத்த காசு மட்டும் வயர்லெஸ்ஸுக்கு.

புளூடூத் மேல் வழக்கமாகச் சொல்லும் குற்றச்சாட்டுகளில் பாதி நமக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். எழுத்து தாமதமாக விழும் என்பார்கள். அந்தத் தாமதம் மில்லி விநாடிக் கணக்கில்தான். கணினி விளையாட்டில் துப்பாக்கி சுடுபவருக்கு அது பெரிய விஷயம், கிரயப் பத்திரம் அடிப்பவருக்கு இல்லை. வைஃபையும் புளூடூத்தும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மோதிக்கொள்ளும் என்பதும் ஓரளவுக்கே உண்மை. நெரிசலான அலைவரிசையை விட்டு விலகித் தாவும் திறன் 2003-லேயே புளூடூத்துக்கு வந்துவிட்டது. பாதுகாப்பிலும், மலிவான டாங்கிள் கீபோர்டைவிட புளூடூத் மேல். சில மலிவு வயர்லெஸ் கீபோர்டுகள் தட்டுவதை மறையாக்கம் இல்லாமலே காற்றில் விடுகின்றன, அவற்றை 250 அடி தூரத்திலிருந்தும் ஒட்டுக்கேட்கலாம் என்று பாஸ்டில் என்ற அமெரிக்க நிறுவனம் 2016-ல் காட்டியது. புளூடூத் மறையாக்கத்தோடு அனுப்புகிறது. ஆனால் அதுவும் முழுக் கவசம் இல்லை. அனுமதி கேட்காமலே போலிக் கீபோர்டு ஒன்றை இணைத்துவிட முடிகிற ஓட்டையை மார்க் நியூலின் என்ற ஆய்வாளர் 2023 டிசம்பரில் வெளிப்படுத்தினார். ஆண்ட்ராய்டு 10-க்கும் அதற்கு முந்தைய பதிப்புகளுக்கும் அப்போது திருத்தம் கிடைக்கவில்லை. ஊரார் ஆதார் எண்ணை நாள் முழுக்க அடிக்கிற மேஜையில் வயரைவிட எளிய பாதுகாப்பு வேறு கிடையாது.

என் பார்வையில் பெரிய குறை வேறு. பேட்டரியைச் சேமிக்க, சில நிமிடம் தொடாமல் விட்டால் புளூடூத் கீபோர்டு தூங்கிவிடும். அதை எழுப்பும் முதல் தட்டல் பல மாடல்களில் திரைக்கு வந்து சேராது. இ-சேவை மையத்தில் வேலை விட்டுவிட்டுத்தான் நடக்கும். நவம்பர் நடுவில் சம்பா பயிர்க் காப்பீட்டுக் கெடு நெருங்கும்போது வரிசை வாசல்வரை நிற்கும், சர்வரோ சுற்றிக்கொண்டே இருக்கும். பணியாளர் காத்திருக்கிறார், கீபோர்டு உறங்குகிறது, பக்கம் திறக்கிறது, பெயரை அடிக்கிறார். தமிழ்ப் பெயரில் முதலில் வருவது தலைப்பெழுத்து. 1999-ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைமுறையில் ‘கோ’ அடிக்க முதலில் க, அடுத்து ஓ. முதல் தட்டல் தொலைந்தால் கோ. மாணிக்கம், ஓ. மாணிக்கம் ஆகிவிடுவார். இரண்டுமே ஊரில் இருக்கக்கூடிய தலைப்பெழுத்துதான் என்பதால் கண்ணுக்கு உறுத்தாது, கணினியும் சிவப்புக்கோடு போடாது. பட்டாவில் ஒன்று, விண்ணப்பத்தில் இன்னொன்று என்று பின்னால் தெரியவரும்போது அலைவது விவசாயி. தூங்கும் நேரத்தை மாற்றிவைக்கலாமே என்றால், சில மாடல்களில் மாற்றலாம், அதற்கு ஈடாக பேட்டரி சீக்கிரம் தீரும். கடைகளில் இருக்கும் பழைய மேஜைக் கணினிகள் பலவற்றில் புளூடூத்தே கிடையாது, அதற்கு வேறு தனி டாங்கிள் வாங்க வேண்டும். விண்டோஸ் கிளம்பாமல் நின்றுபோய் பயாஸ் பக்கத்துக்குள் போக வேண்டி வந்தால், புளூடூத் கீபோர்டு பெரும்பாலும் அங்கே செல்லாது. மூலையில் போட்ட பழைய வயர் கீபோர்டைத் தேட வேண்டியதுதான்.

அப்படியானால் புளூடூத் மெக்கானிக்கல் யாருக்கு? ஓலைச்சுவடியையோ பழைய ஆவணத்தையோ பார்த்துப் படியெடுப்பவருக்கு உண்மையில் உதவும். சுவடி மேஜையின் நடுவில், வெளிச்சத்தில் இருக்க வேண்டும். கீபோர்டு தேவைக்கேற்ப நகர வேண்டும். சரசுவதி மகால் நூலகமும் தமிழ்ப் பல்கலைக்கழகமும் உள்ள தஞ்சாவூரில் இந்த வேலைக்கு ஆள் உண்டு. பக்கத்து மேஜைக்காரர் சண்டைக்கு வராமல் இருக்க, டக்கென்ற சத்தம் வராத சிவப்பு விசை மாடலாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஊர் ஊராய்ப் போய் போனிலேயே செய்தி அடிக்கும் நிருபருக்கும், பகலில் மடிக்கணினியும் இரவில் டேப்லெட்டுமாக இருக்கும் மாணவருக்கும் ஒரே கீபோர்டை மூன்று கருவிகளோடு இணைத்துக்கொள்ளும் வசதி பெரியது. முக்கால் கிலோ முதல் ஒரு கிலோவரை கனம் சுமக்க வேண்டும் என்பதை மட்டும் வாங்குமுன் நினைத்துக்கொள்ளட்டும்.

தமிழில் எழுதுபவர் இன்னொன்றும் பார்க்க வேண்டும். தமிழ் விசைமுறை கீபோர்டுக்குள் இல்லை, அது இணையும் கருவிக்குள் இருக்கிறது. கணினியில் தமிழ்99-லோ பழைய தட்டச்சு முறையிலோ ஓடும் விரல்கள், அதே கீபோர்டைப் போனோடு இணைத்ததும் ஆங்கிலம் மட்டுமே வந்து திகைக்கக்கூடும். தொடுதிரையில் தமிழ் தரும் செயலிகள் எல்லாமே வெளிக் கீபோர்டுக்கும் தமிழ் தருவதில்லை. அதனால் வாங்குபவர் தன் போனையும் கையோடு கொண்டுபோய், இணைத்து, தன் பெயரைத் தலைப்பெழுத்தோடு அடித்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுப்பது நல்லது. பத்து நிமிடம் சும்மா வைத்துவிட்டு இன்னொரு முறையும் அடித்துப் பார்க்கலாம்.