பின்னால் இருப்பவருக்குத்தான் தெரியும்!



மோட்டார் சைக்கிளைப் பற்றி நமது பத்திரிகையில் என்ன இருக்கிறது, அது ஆண்களின் விஷயமல்லவா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வண்டியை ஓட்டுகிறவர் கணவராகவோ மகனாகவோ இருக்கலாம். ஆனால் மெதுவாகப் போகும்போது அது உதறுகிறதா, வெட்டி வெட்டி இழுக்கிறதா என்பதை முழுமையாக அனுபவிப்பவர் பின் இருக்கையில், ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் பையுமாக அமர்ந்திருக்கும் நீங்கள்தான்.

எங்கள் தோட்டவெளிப் பக்கத்தில் வேகமாக ஓட்ட எங்கே இடம் இருக்கிறது? வாசலைத் தாண்டினால் ஒழுங்கை முழுக்க மணல். பெரிய வீதிக்கு ஏறினால் மன்னார்த் தீவுக்கே உரிய கழுதைகள் நடுவீதியில் நிற்கும். ஹோர்ன் அடித்தாலும் அசையாது. போதாக்குறைக்கு 2015ஆம் ஆண்டு தலைமன்னார் வரை மறுபடியும் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, தண்டவாளக் கடவைகளையும் பார்த்துப் பார்த்துத்தான் கடக்க வேண்டும். ஆகவே எங்களுக்கு வேண்டியது பறக்கும் வண்டி அல்ல. மெதுவாக, மெத்தென்று ஊர்ந்து போகும் வண்டி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை நேரம். கிளினிக் போவதற்காக மனைவியையும் கைக்குழந்தையையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். கடவைக்குக் கிட்ட வேகத்தைக் குறைத்ததும் வண்டி 'டக், டக்' என்று உதறத் தொடங்கியது. எக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகினால் முன்னே பாய்ந்தது. விட்டால் பின்னே இழுத்தது. என் முதுகில் அவளுடைய தலைக்கவசம் இரண்டு முறை மோதியது.

"இஞ்ச பாருங்க, நிப்பாட்டுங்க. நான் புள்ளயத் தூக்கிட்டு நடந்து வாறன்" என்றாள்.

எனக்கு வெட்கமாகிப் போய்விட்டது. எத்தனையோ நாளாக இந்த உதறல் இருந்திருக்கிறது. நான் அதற்குப் பழகிவிட்டேன்; அவள் பொறுத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்!

அன்று மாலை ஒரு கராஜில் காட்டினேன். "காபரேட்டர் முடிஞ்சுது, புதுசு போடணும்" என்று பெரிய தொகை சொன்னார்கள். மனம் ஒப்பவில்லை. இன்னொரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் என்ஜினைத் தொடவே இல்லை. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சில்லைக் கையால் சுற்றிப் பார்த்தார். "என்ஜின் நல்லாத்தான் இருக்கு மௌலவி. இழுபடுற சாமான் எல்லாம் தொளதொளத்துப் போயிருக்கு" என்றார். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. செலவு, முதலில் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. போகும்போது அவர் சொன்னது: "சரியாகிட்டுதா என்று நீங்க சொல்ல வேணாம். பின்னுக்கு இருக்கிறவங்ககிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

உதறல் எங்கிருந்து வருகிறது?

நம் வீடுகளில் உள்ள வண்டிகளில் பெரும்பாலானவை ஒற்றைச் சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் வகை. இதில் என்ஜின் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் ஒரு வெடிப்பு; அதாவது ஒரு தள்ளு. நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடும்போது ஒரு விநாடிக்கு 33 தள்ளு. அது ஒரே ஓட்டமாகத் தெரியும். 1,400 சுற்றுக்கு இறங்கினால் விநாடிக்கு 12 தள்ளுக்கூட இல்லை. ஒவ்வொரு தள்ளும் தனித்தனியாக உடம்பில் உறைக்கும். பழைய ஹொண்டா சிடி 200 வண்டியை எங்கள் மூத்தவர்கள் இன்றும் புகழ்வதற்கு ஒரு காரணம், அது இரட்டைச் சிலிண்டர். அதே சுற்றுக்கு இரண்டு மடங்கு தள்ளு. ஆகவே மெதுவாக ஓடும்போதும் மெத்தென்று இருக்கும்.

என்ஜினின் தள்ளு சில்லுக்குப் போய்ச் சேரும் வழியில் எங்காவது தளர்வு இருந்தால், முதலில் அந்தத் தளர்வு 'டக்' என்று இறுகும். பிறகுதான் வண்டி நகரும். எக்சிலேட்டரை விட்டால் மறுபக்கம் 'டக்'. தளர்ந்த கயிற்றைக் கட்டி வாளியை இழுத்துப் பாருங்கள், விளங்கும். உதறலுக்கு மருந்து பெரும்பாலும் புதிய சாமான் அல்ல. தளர்வை எடுப்பதுதான்.

முதலில் பார்க்க வேண்டிய ஐந்து

1. செயின். வண்டிக் கையேட்டில் அளவு இருக்கும். சிறிய வண்டிகளுக்குப் பொதுவாக 2 முதல் 3 சென்ரிமீற்றர் ஆட்டம் இருக்கலாம். தேய்ந்த செயின் ஓரிடத்தில் இறுகியும் ஓரிடத்தில் தொங்கியும் இருக்கும். அதிகம் இறுகிய இடத்தில் வைத்தே அளக்க வேண்டும். ஆட்டமே இல்லாமல் இறுக்குவதும் தவறு. மனைவி, பிள்ளை, அரிசி மூட்டை என்று பாரம் ஏறி வண்டி பதியும்போது செயின் இன்னும் இறுகும். என்ஜினை நிறுத்திவிட்டே செயினில் கை வைக்க வேண்டும். ஓடும் செயின் விரலை எடுத்துவிடும்.

2. எக்சிலேட்டர் வயர். பிடியைத் திருகினால் 2 முதல் 6 மில்லிமீற்றர் வரை வெறுமனே திரும்பலாம். அதற்கு மேல் போனால் கை ஒன்று நினைக்கும், வண்டி ஒன்று செய்யும். வயர் இறுகி உரசினாலும் இதே கதைதான்.

3. கிளட்ச். பிடியின் நுனியில் 1 முதல் 2 சென்ரிமீற்றர் ஆட்டம் வேண்டும். உப்புக் காற்றில் வயர் துருப்பிடித்தால் கிளட்ச் மெல்லப் பிடிக்காமல் 'சடக்' என்று பிடிக்கும். எண்ணெய் விட்டும் சரிவராவிட்டால் வயரை மாற்றுங்கள்.

4. பின் சில்லின் ஹப் ரப்பர். பலருக்கும் தெரியாத சாமான் இது. தள்ளின் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்வதற்காகவே பின் ஹப்பினுள் ரப்பர்த் துண்டுகள் வைத்திருக்கிறார்கள். காலப்போக்கில் அவை சுருங்கிக் கல்லாகிவிடும். என் வண்டியில் பெரிய குற்றவாளி இதுதான்! விலை குறைந்தது; மாற்றியதும் உடனே வித்தியாசம் தெரியும்.

5. காற்றும் பெற்றோலும். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் மறுபடி திறக்கப்பட்டது. அதனால் காபரேட்டர் உள்ள பழைய வண்டிகளே இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்து, காபரேட்டருக்கும் என்ஜினுக்கும் இடையிலுள்ள ரப்பர் வெடித்திருக்கிறதா என்று பார்த்து, ஐட்லிங்கைக் கையேட்டின் அளவுக்கு வையுங்கள். வெடிப்பு வழியாக அதிகக் காற்றுப் போனால் மெதுவான ஓட்டத்தில் வண்டி தும்மும்.

பிறகு ஒரு சிறு மாற்றம்

இவையெல்லாம் சரியான பிறகும் மணலிலும் சன நெரிசலிலும் வண்டி திணறினால், மலிவான மாற்றம் ஒன்று உண்டு. என்ஜின் பக்கமுள்ள சிறிய ஸ்ப்ரொக்கட்டில் ஒரு பல் குறைந்ததைப் போடுவது. முன்னால் 14 பல்லும் பின்னால் 42 பல்லும் உள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். சில்லு ஒரு சுற்றுச் சுற்ற முன் ஸ்ப்ரொக்கட் 3 சுற்றுச் சுற்றும். 13 பல் போட்டால் ஏறத்தாழ 3.23 சுற்று. இழுவை நூற்றுக்கு எட்டளவில் கூடும். முதல் கியரில் மணிக்கு 10 கிலோமீற்றருக்குக் கீழே போக மறுத்த வண்டி, இப்போது 9 கிலோமீற்றர் அளவுக்கும் இறங்கிவரும்.

இதற்கு விலையும் உண்டு. நீண்ட வீதியில் அதே வேகத்துக்கு 4,000 சுற்றுக்குப் பதில் 4,300 அளவில் என்ஜின் சுற்ற வேண்டும். சத்தமும் பெற்றோல் செலவும் கூடும். உச்ச வேகம் குறையும். தினமும் மதவாச்சி வரை ஓடுகிறவருக்கு இது பொருந்தாது. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போய், சந்தைக்குப் போய்வரும் குடும்பத்துக்குப் பொருந்தும். சில வண்டிகளில் வேகமானி முன் சில்லிலிருந்து இயங்காது. அவற்றில் காட்டும் வேகம் பிழைக்கும் என்பதையும் மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சொந்தமாக ஸ்கூட்டி ஓட்டும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. அதில் செயினும் இல்லை, கிளட்ச் பிடியும் இல்லை. புறப்படும்போது அதிர்ந்தால் பின்பக்கக் கிளட்ச்சில் தூசி படிந்திருக்கும், அல்லது உள்ளே உள்ள ரோலர்கள் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகியிருக்கும். சுத்தம் செய்து, தேய்ந்ததை அதே நிறையில் மாற்றினால் போதும்.

செய்யக் கூடாதவை

காற்று வடிகட்டியைக் கழற்றுவது, சைலன்ஸரைக் குடைவது இரண்டும் இளைஞர்களுக்கு 'மொடிஃபிகேஷன்'. மெதுவான ஓட்டத்துக்கு அவை எதிரி. இன்னொன்று, அழகு குறைகிறது என்று பின் சில்லின் சேலைக் காப்பைக் கழற்றுவது. இந்தியாவின் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, பின்னால் இருப்பவர் பிடிக்கப் பிடியும், கால் வைக்க இடமும், உடை சிக்காதபடி பின் சில்லில் பாதிக்குக் குறையாமல் மூடும் காப்பும் வேண்டும் என்கிறது. இந்திய வண்டிகளில் அந்தக் கம்பி வலை இருப்பது அதனால்தான். அபாயாவின் நுனியோ சேலைத் தலைப்போ சில்லில் சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஹொண்டா 1958இல் வெளியிட்ட 'சூப்பர் கப்' வண்டியில் செயின் முழுவதும் மூடியிருந்தது. பிடித்து விடக் கிளட்ச் பிடியும் இல்லை. மெதுவாகப் போகும் சாதாரண மனிதரை நினைத்துச் செய்த அந்த வகை வண்டி, 2017க்குள் பத்துக் கோடிக்கு மேல் உற்பத்தியாகிவிட்டது!

ஓட்டுகிறவர்களுக்கும் ஒன்று. ஊர்ந்து போகும்போது முதல் கியருக்கு இறங்குங்கள். எக்சிலேட்டரை ஒரே சீராகப் பிடித்து, பின் பிரேக்கை மிக மெல்ல அழுத்திக்கொள்ளுங்கள். செயின் தளராமல் நிற்கும். முன் பிரேக்கை மணலில் தொடாதீர்கள்.

சகோதரிகளே! பொறுமை நல்ல குணம்தான். ஆனால் பழுதான வண்டியில் பொறுமையாக இருப்பது ஆபத்து. ஓட்டுகிறவருக்கு வண்டி எப்போது இழுக்கும் என்று முன்கூட்டியே தெரியும். பிடித்துக்கொள்ளக் கையில் ஹேண்டிலும் இருக்கிறது. உங்களுக்கு இரண்டும் இல்லை. வீடு திரும்பியதும் "இன்றைக்கு எந்த இடத்தில் உதறியது" என்று சொல்லுங்கள். மாதம் ஒருமுறை செயினைப் பார்த்தாரா என்று கேளுங்கள். வேலை முடிந்து வண்டி வந்தால் நீங்களே பின்னால் ஏறி, ஒழுங்கை முனை வரை போய்வந்து முடிவைச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது அதுதான் வழக்கம். மெக்கானிக்குக்குக் காசு கொடுப்பது நான். வேலை சரியா என்று சொல்வது அவள்.