வலிக்கு முன்பே ரத்தம் சொல்வது எப்படி?

காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாத விறைப்பு. முடக்குவாதம் அன்றைக்குத்தான் தொடங்கியது என்று நினைக்கிறோம். உண்மையில் அது பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருக்கலாம். நெதர்லாந்தில், பின்னாளில் இந்நோய் வந்த 79 பேர் நலமாக இருந்தபோது தானமாகக் கொடுத்த ரத்தத்தின் மாதிரிகளைச் சோதித்தார்கள். ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. என்ற எதிர்ப்பொருள்களில் ஒன்றாவது அப்போதே இருந்தது. 2004இல் இந்த ஆய்வு வெளியானது.

எப்படி? புகைபிடிப்பவரின் நுரையீரலிலும் அழற்சி கண்ட ஈறுகளிலும், சில நொதிகள் புரதத்திலுள்ள ஆர்ஜினினைச் சிட்ரூலினாக மாற்றிவிடுகின்றன. உருமாறிய சொந்தப் புரதத்தையே, குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களின் நோயெதிர்ப்பு மண்டலம் அந்நியமாக எண்ணி எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. ஆன்டி சி.சி.பி. பரிசோதனை தேடுவது அதைத்தான்.

ஆர்.ஏ. ஃபேக்டர் முதுமையிலும் ஹெபடைடிஸ் சி தொற்றிலும்கூட உயரும். அதை மட்டும் பார்த்து நோய் என்று முடிவுகட்டுவது தவறு. ஆன்டி சி.சி.பி. அதைவிட நம்பகமானது, ஆனால் அது உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை.

பாசிட்டிவ் என்று வந்து, விரல் மூட்டுகளில் வலியோ விறைப்போ இருந்தால் மூட்டுவாத மருத்துவரைத் தாமதிக்காமல் பாருங்கள். புகைப்பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.