வெடித்த நட்சத்திரத்தின் பழைய கணக்கு

1993 மார்ச் 28 அன்று ஸ்பெயினைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ கார்சியா என்ற அமெச்சூர் வானியலாளர், சப்தரிஷி மண்டலத்துப் பக்கம் தெரியும் எம்81 கேலக்ஸியில் அதுவரை இல்லாத ஒரு புள்ளியைப் பார்த்தார். நம்மகிட்ட இருந்து சுமார் 1 கோடியே 20 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் ஒரு பெரிய நட்சத்திரம் வெடிச்சிருக்கு. பெயர் எஸ்.என். 1993ஜே. சில நாட்களிலேயே அமெரிக்காவின் வி.எல்.ஏ. ரேடியோ தொலைநோக்கிகள் அந்தப் பக்கம் திரும்பின.

வெளிச்சமாகவே தெரியுற ஒண்ணை ரேடியோவில் எதுக்குப் பார்க்கணும்? நியாயமான கேள்வி. வெடிப்பின் வெளிச்சம் சிதறின நட்சத்திரத்தைப் பத்திச் சொல்லும். ரேடியோ சொல்றது அந்த நட்சத்திரம் சாகுறதுக்கு முன்னாடி எப்படி இருந்ததுங்கிற கதை.

இந்த மாதிரிப் பூதாகரமான நட்சத்திரங்கள் கடைசிக் காலத்தில் தங்கள் மேல் அடுக்கைக் காற்றா ஊதி வெளியே தள்ளிக்கிட்டே இருக்கும். அந்தக் காற்றின் வேகம் நொடிக்கு 10 கி.மீ. அளவுதான். வெடிச்ச பிறகு சிதறல் கிளம்புறது நொடிக்கு ஏறக்குறைய 20,000 கி.மீ. வேகத்தில். முன்னாடி கிளம்பின காற்றைப் பின்னாடி வந்த சிதறல் துரத்திப் பிடிச்சு மோதுது. மோதுற இடத்தில் அதிர்ச்சி அலை உருவாகி, எலெக்ட்ரான்களை ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் தள்ளிவிடுது. காந்தப்புலத்தில் அவை சுருள் சுருளா சுத்தும்போது ரேடியோ அலை வெளியே வருது. இதுதான் சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சு. காற்று அடர்த்தியா இருந்தா சிக்னல் பலமா வரும். சுத்தி ஒண்ணுமே இல்லைன்னா, ரேடியோவில் சத்தமே இருக்காது.

இனிமேதான் விஷயமே. காற்றில் வெளியே தூரத்தில் இருக்குறது ரொம்ப முன்னாடி கிளம்பினது. நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்குறது சாகுறதுக்குச் சற்று முன்னாடி கிளம்பினது. அதிர்ச்சி அலை உள்ளே இருந்து வெளியே போகுது. அதாவது பாஸ்புக்கைக் கடைசிப் பக்கத்தில் இருந்து முன்னோக்கிப் புரட்டுற மாதிரி, நட்சத்திரத்தின் வாழ்க்கையைப் பின்னாலிருந்து படிக்குது. அதுவும் காற்றைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வேகத்தில். நாம் ஒரு வருஷம் கவனிச்சா, அது ஆயிரம் வருஷத்துக்கும் மேலான கணக்கு!

படிக்கிறது மட்டும் சுலபமில்லை. குட்டை அலைநீளங்கள் முதலில் எட்டிப் பார்த்தன. நீண்ட அலைநீளங்களில் மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் ஏதோ ஒரு மூடுபனி இருக்கு, அது மெல்ல விலகுதுன்னு அர்த்தம். எந்த மூடுபனி? இங்கேதான் சண்டை. வெளியே இருக்கும் அயனியாக்கப்பட்ட காற்றுதான் அலையை விழுங்குதுன்னு வெச்சா, அந்த நட்சத்திரம் கடைசி ஆயிரம் வருஷத்தில் காற்றை ஊதும் அளவைக் கணிசமா குறைச்சிருக்கணும்னு கணக்கு வரும். ஆனா அலையை உண்டாக்கின எலெக்ட்ரான்களே அதைத் திரும்ப விழுங்குறதையும் சேர்த்துக்கிட்டா, அப்படி எந்த மாற்றமும் தேவையில்லை. ஒரே டேட்டா, நட்சத்திரத்துக்கு ரெண்டு வேற வேற வரலாறு. 1998-ல் பிரான்சன், பியோர்ன்சன் ரெண்டு பேரும் இரண்டாவது பக்கம் வாதாடினாங்க. அவங்க கணக்குக்கு அங்கே காந்தப்புலம் பலமா இருக்கணும்.

அந்தக் காந்தப்புலத்தை அளந்ததில் நம்ம ஊர் ஜி.எம்.ஆர்.டி.க்குப் பங்கு உண்டு. புனேவுக்கு வடக்கே, நாராயண்காவ் பக்கத்தில், ஒவ்வொண்ணும் 45 மீட்டர் அகலத்தில் 30 டிஷ்கள். பூனம் சந்திரா, அலக் ரே குழு அதில் குறைந்த அதிர்வெண்களையும், வி.எல்.ஏ.வில் அதிக அதிர்வெண்களையும் எடுத்து ஒரே ஸ்பெக்ட்ரமா ஒட்டினாங்க. வெடிச்சு சுமார் 3200 நாள் ஆன சமயம் அது. 4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் கோடு கீழ்நோக்கி மடங்கியிருந்தது. அதிக ஆற்றல் உள்ள எலெக்ட்ரான்கள் சீக்கிரம் களைச்சுப் போகும். எந்த இடத்தில் மடங்குதுன்னு தெரிஞ்சு, வயசும் தெரிஞ்சா, காந்தப்புலம் எவ்வளவுன்னு நேரடியா சொல்லிடலாம். விடை 0.33 காஸ். பூமியின் மேற்பரப்பில் இருக்கும் காந்தப்புலம் மாதிரி. இது ரொம்பச் சின்னதா தோணலாம், ஆனா ஒளியாண்டில் கால்வாசி அளவுக்கு விரிஞ்ச வாயுவுக்கு இது பலமான புலம்தான். மடிப்பின் ரெண்டு பக்கமும் தெரிஞ்சாதான் மடிப்பு இருக்குன்னே தெரியும். ஒரு தொலைநோக்கி மட்டும் இருந்திருந்தா, இது கிடைச்சிருக்காது.

வேகத்தை எப்படி அளந்தாங்க? வெடிச்சு ஒரு வருஷம் ஆனபோது, வானத்தில் இதன் அகலம் சுமார் 2 மில்லி ஆர்க்செகண்ட். 2000 கி.மீ. தூரத்தில் வெச்ச ஒரு ரூபாய் நாணயம் மாதிரி. 3.6 செ.மீ. அலையில் 100 மீட்டர் டிஷ் பிரிச்சுப் பார்க்கிற அளவு ஒரு ஆர்க்நிமிஷத்துக்கும் மேல, அதனால ஒரு டிஷ்ஷால் ஒண்ணும் ஆகாது. அலைநீளத்தை விட்டத்தால் வகுக்கிற நம்ம ஆன்டெனா பேப்பர் ஃபார்முலாதான் இது. வழி என்னன்னா விட்டத்தைக் கண்டங்களுக்கு நடுவே நீட்டிடறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் டிஷ்கள் ஒரே நேரத்தில் பார்த்து, சிக்னலை அணுக் கடிகார நேரத்தோட காந்த நாடாவில் அப்போ பதிவு செஞ்சது. அப்புறம் எல்லா நாடாவையும் ஒரு இடத்துக்கு அனுப்பி, கிராஸ் கோரிலேட் பண்ணினாங்க. சிக்னல்ஸ் பேப்பரில் மார்க்குக்காகப் படிக்கிற அதே கோரிலேஷன்தான். எம்81-ன் மையத்திலேயே ஒரு பளிச்சென்ற ரேடியோ புள்ளி இருந்தது பெரிய அதிர்ஷ்டம். அதை நிலையான குறியா வெச்சு இதை அளக்க முடிஞ்சது.

வந்த படங்களில் கிட்டத்தட்ட வட்டமான ஒரு கூடு தெரிஞ்சது. அடுத்தடுத்த படங்களில் அது விரிஞ்சுகிட்டே போச்சு. விரியும் வேகம் மெல்ல மெல்லக் குறையுறதும் தெரிஞ்சது. காற்றில் மோதி மோதி வேகம் குறையுது, வேற என்ன.

சுமார் 3100 நாளுக்கு அப்புறம் ரேடியோ பிரகாசம் முன்னைவிட வேகமா சரிய ஆரம்பிச்சது. அடர்த்தியான காற்றின் ஓரத்தை அதிர்ச்சி அலை தாண்டிடுச்சுன்னு எடுத்துக்கலாம். அப்படின்னா பாஸ்புக்கின் முதல் பக்கத்துக்கு வந்தாச்சு: வெடிக்கிறதுக்கு ஏறத்தாழ 8000 வருஷம் முன்னாடிதான் அந்த நட்சத்திரம் தன்னை இவ்வளவு வேகமா கொட்ட ஆரம்பிச்சிருக்கு. இழந்ததில் பெரும்பகுதி ஹைட்ரஜன். அதைப் பறிச்சதா சந்தேகப்பட்ட ஜோடி நட்சத்திரம் இருக்குறதுக்கான அடையாளம், 2004-ல் ஹப்பிள், கெக் தொலைநோக்கிகளில் தெரிஞ்சது.