அபிசீனியப் படையெடுப்பும் பொதுசன அபிப்பிராயமும், 1935–1936

வலிமை மிக்க நாடொன்று வலிமை குன்றிய நாடொன்றின்மீது படையெடுக்கும்போது ஏனைய நாடுகளின் மக்கள் என்ன கருதுகின்றனர் என்பது ஒரு வினா. அந்நாடுகளின் அரசுகள் என்ன செய்கின்றன என்பது பிறிதொரு வினா. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் வழக்கம் வரலாற்று நூல்களிற்கூட உண்டு. 1935ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 3ஆந் திகதி இத்தாலியப் படைகள் எரித்திரியாவிலிருந்து மாறெப் ஆற்றைக் கடந்து எதியோப்பியாவினுள், அன்றைய வழக்கிற் கூறின் அபிசீனியாவினுள், நுழைந்தமையை "உலகம் வாளாவிருந்து பார்த்தது" என்று பலர் எழுதியுள்ளனர். உலகம் வாளாவிருக்கவில்லை. அரசுகள் வெளிப்படையாக ஒன்றைக் கூறி மறைவில் வேறொன்றைச் செய்தன. மக்களோ பல இடங்களிலே தம் அரசுகளுக்கு முன்பாகவே சென்றனர். அவ்வாறு சென்றும் படையெடுப்பைத் தடுக்க இயலாமற் போனது ஏன் என்பதையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

பின்னணியைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். 1896 மார்ச்சு 1ஆந் திகதி அத்வாவில் இரண்டாம் மெனலிக்கின் படைகளிடம் இத்தாலி தோல்வியுற்றது. ஐரோப்பிய வல்லரசொன்று ஆபிரிக்கப் படையிடம் அத்துணைப் பெருந்தோல்வி கண்டமை இத்தாலிய ஆளும் வகுப்பினரின் நெஞ்சில் நாற்பதாண்டு காலம் தைத்திருந்த முள்ளாகும். 1923இல் எதியோப்பியா சர்வதேச சங்கத்தில் அங்கத்துவம் பெற்றது. 1928இல் இத்தாலியும் எதியோப்பியாவும் இருபதாண்டுக்கால நட்புறவு உடன்படிக்கை செய்துகொண்டன. 1934 டிசம்பரில் எல்லைப்புறத்து நீர்க்கிணறுகள் அமைந்த வால்வால் என்னுமிடத்தில் நிகழ்ந்த மோதலை முசோலினி சாக்காகக் கொண்டான். 1935 சனவரியில் பிரெஞ்சு வெளிநாட்டமைச்சர் லவால் உரோமாபுரிக்குச் சென்று அவனுடன் உடன்பாடு கண்டார். எதியோப்பியாவில் இத்தாலிக்குத் தடையற்ற உரிமை உண்டென்று அங்கே உறுதி கூறப்பட்டதாகவே முசோலினி பொருள்கொண்டான். ஜேர்மனி மீண்டும் ஆயுதபாணியாகிவந்த அவ்வேளையில், இத்தாலியைத் தம் பக்கம் வைத்திருத்தல் இலண்டனுக்கும் பாரிசுக்கும் ஓர் ஆபிரிக்க நாட்டின் சுதந்திரத்தினும் பெறுமதி மிக்கதாகத் தோன்றியது.

இனிப் பொதுசன அபிப்பிராயத்தை நோக்குவோம். பிரித்தானியாவில் இதனை அளந்தறிவதற்கு அரிய சான்றொன்று உண்டு. சர்வதேச சங்க ஆதரவாளர்கள் வீடு வீடாகச் சென்று நடாத்திய 'சமாதான வாக்கெடுப்பு' எனப்படுவதன் முடிவுகள் 1935 யூன் மாதம் வெளியாயின. 1 கோடி 15 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதிற் பங்குபற்றினர். ஆக்கிரமிப்பு நாடொன்றை ஏனைய நாடுகள் பொருளாதார நடவடிக்கைகளாற் தடுத்தல் வேண்டுமா என்ற வினாவுக்கு 1 கோடிக்கு மேற்பட்டோர் ஆம் என்றனர். தேவை ஏற்படின் இராணுவ நடவடிக்கையாலும் தடுத்தல் வேண்டுமா என்ற வினாவுக்கு ஆம் என்றோர் ஏறத்தாழ 68 இலட்சத்தினர். இல்லை என்றோர் 23 இலட்சத்துக்குச் சற்று அதிகமானோர். எஞ்சியோரிற் பெரும்பாலார் விடையளிக்கவேயில்லை. இவ்விரு தொகைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டிலேதான் பின்னர் நிகழ்ந்தவற்றின் வித்து அடங்கியிருந்தது என்பது எமது கருத்து. போர் மூளாத வகையில் ஆக்கிரமிப்பைத் தடுக்கலாம் என்று மக்கள் நம்பினர். அரசு அந்நம்பிக்கையைத் தனக்கு வாய்ப்பான திரையாகப் பயன்படுத்திக்கொண்டது.

1935 செப்டெம்பர் 11ஆந் திகதி வெளிநாட்டமைச்சர் சேர் சாமுவேல் ஹோர் ஜெனீவாவிற் பேசியபோது, சங்கத்தின் உடன்படிக்கையைப் பிரித்தானியா உறுதியாகக் காக்கும் என முழங்கினார். மறுநாட் பத்திரிகைகள் அவரைப் போற்றின. ஆயின் முசோலினியுடன் போருக்கு இட்டுச்செல்லும் எந்நடவடிக்கையிலும் இறங்குவதில்லை என்று அவரும் லவாலும் முதல்நாளே தமக்குள் முடிவுசெய்திருந்தனர். நவம்பர் 14ஆந் திகதி நடைபெற்ற பொதுத்தேர்தலில் போல்ட்வின் அரசு சர்வதேச சங்கத்தின் பாதுகாவலன் என்ற கோலத்துடன் வாக்குக் கேட்டு வெற்றியும் பெற்றது.

சங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்பதும் தவறு. போர் தொடங்கிய சில நாட்களுக்குள் இத்தாலியே ஆக்கிரமிப்பாளர் என்ற முடிவுக்கு அங்கத்துவ நாடுகளுள் ஐம்பது இணங்கின. ஒசுத்திரியா, கங்கேரி, அல்பேனியா ஆகிய மூன்றும் இத்தாலியின் செல்வாக்குக்கு உட்பட்டு விலகி நின்றன. நவம்பர் 18ஆந் திகதி பொருளாதாரத் தடைகள் நடைமுறைக்கு வந்தன. இத்தாலிக்கு ஆயுதமும் கடனும் வழங்கலாகாது. இத்தாலியப் பொருள்களை வாங்கலாகாது. இறப்பர், வெள்ளீயம், அலுமினியம் முதலான சில பண்டங்களை அந்நாட்டுக்கு விற்கலாகாது. (இவற்றுள் அலுமினியம் இத்தாலியே போதிய அளவு உற்பத்தி செய்த பண்டம் என்பதை வாசகர் கவனித்தல் நன்று.) எண்ணெய், நிலக்கரி, உருக்கு ஆகியன பட்டியலில் இடம்பெறவில்லை. பொதிவிலங்குகளை விற்பது தடுக்கப்பட்டது. பாரவண்டிகளையும் ஆகாயவிமானங்களையும் இயக்கும் எண்ணெய் தடுக்கப்படவில்லை. சூயசுக் கால்வாயும் இத்தாலியக் கப்பல்களுக்குத் திறந்தே இருந்தது. துருப்புக்களை ஏற்றிய கப்பல்கள் உரிய கட்டணத்தைச் செலுத்தி ஒழுங்காகக் கடந்து சென்றன. இதற்கிடையே, நடுநிலை என்ற பெயரில் இரு தரப்பினர்க்கும் ஆயுதம் விற்பதைப் பிரித்தானியாவும் பிரான்சும் 1935 கோடையிலேயே நிறுத்தியிருந்தன. ஆயுதத் தொழிற்சாலைகள் நிறைந்த நாட்டுக்கும் அவை இல்லாத நாட்டுக்கும் ஒரே தடையை விதிப்பது நடுநிலையாகுமா என்பதை விளக்கவேண்டியதில்லை.

எண்ணெய்த் தடை பற்றிய விவாதமே இவ்விவகாரத்தின் மையம். ஐக்கிய அமெரிக்கா சங்கத்தில் அங்கம் வகிக்கவில்லை. அதன் நடுநிலைச் சட்டம் ஆயுதங்களை மட்டுமே தடுத்தது. சனாதிபதி ரூசுவெல்ட் வணிகர்களின் மனச்சாட்சிக்கு வேண்டுகோள் விடுத்தாராயினும் இத்தாலிக்கு அமெரிக்க எண்ணெய் முன்னரிலும் மிகுதியாகச் சென்றது. சோவியத் ஒன்றியம் ஜெனீவாவில் லித்வினோவின் வாயிலாகத் தடைகளை முழுமனதுடன் ஆதரித்தது; ஆனால் பட்டியலில் இல்லாத எண்ணெயை இத்தாலிக்கு விற்பதை அது நிறுத்தவில்லை. இவ்வுண்மை முற்போக்காளர் பலர்க்கு இன்றும் உவப்பாயிராது. உவப்பன்று என்பதற்காக அதனை விட்டுவிடுதல் ஆய்வாளர்க்கு அழகன்று. 1936 பெப்ரவரியில் சங்கத்தின் நிபுணர்குழு தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது. அமெரிக்கா தன் விற்பனையைப் பழைய அளவுக்குள் நிறுத்திக்கொள்ளுமாயின், எண்ணெய்த் தடை மூன்று அல்லது மூன்றரை மாதத்துள் முழுப்பயன் தரும் என்பது அதன் முடிவு. பேச்சு நீண்டது, தடை வரவில்லை. எண்ணெய்த் தடை விதிக்கப்பட்டிருப்பின் ஒரு வாரத்தில் எதியோப்பியாவிலிருந்து பின்வாங்க நேர்ந்திருக்கும் என்று முசோலினி பிற்காலத்தில் ஹிட்லரிடம் ஒப்புக்கொண்டதாக ஹிட்லரின் மொழிபெயர்ப்பாளர் பதிவுசெய்துள்ளார்.

பொதுசன அபிப்பிராயம் அரசொன்றை உண்மையிலேயே அசைத்த தருணமும் இக்காலத்தே உண்டு. டிசம்பர் மாத முற்பகுதியில் ஹோரும் லவாலும் பாரிசில் இரகசியத் திட்டமொன்றை வகுத்தனர். எதியோப்பியாவின் வளமிக்க நிலப்பரப்பிற் பெரும்பகுதியை இத்தாலிக்கு அளித்து, அதற்கு ஈடாகக் கடலை அடைய ஓர் ஒடுங்கிய பாதையை எதியோப்பியாவுக்கு வழங்குவதே அத்திட்டம். பாரிசுப் பத்திரிகைகள் அதனை அம்பலமாக்கின. தேர்தல் முடிந்து ஒரு மாதமேனும் ஆகாத நிலையில், தாம் ஏமாற்றப்பட்டதைப் பிரித்தானிய வாக்காளர் உணர்ந்தனர். பாராளுமன்ற உறுப்பினர்க்குக் கடிதங்கள் வந்து குவிந்தன, ஆளுங்கட்சியினரே கிளர்ந்தெழுந்தனர். அரசை ஆதரிப்பதையே மரபாகக் கொண்ட 'டைம்சு' பத்திரிகைகூட, அக்கடற்பாதை ஒட்டகங்களுக்கான வழியென்று தலையங்கத்தில் எள்ளியது. டிசம்பர் 18ஆந் திகதி ஹோர் பதவி துறந்தார். அடுத்த மாதத்தில் லவாலின் அரசும் வீழ்ந்தது.

இது மக்களின் வெற்றியா? ஓர் அமைச்சர் சென்றார்; கொள்கை செல்லவில்லை. ஹோரின் இடத்துக்கு ஏடன் வந்தார். எண்ணெய் தொடர்ந்து சென்றது. கண்டனத்துக்குரிய ஓர் ஆவணம் கண்முன்னே கிடைத்தபோது மக்களின் சினம் அதனைக் கிழித்தெறிந்தது. ஆனால் ஒன்றுஞ் செய்யாதிருத்தல் என்ற கொள்கைக்கு ஆவணம் ஏதுமில்லை. குழுக்களும் ஒத்திவைப்புகளுமே உண்டு. அவற்றை எதிர்த்து எங்ஙனம் கிளர்ந்தெழுவது?

அதே டிசம்பர் 18ஆந் திகதி இத்தாலியில் நிகழ்ந்ததையும் இங்கு கூறல் வேண்டும். தடைகளுக்கு விடையாக நாட்டுக்குப் பொன் அளிக்கும் நாளாக அது கொண்டாடப்பட்டது. அரசி எலேனா முதலாக ஏழைப் பெண்கள் ஈறாக மக்கள் தம் மணமோதிரங்களைக் கழற்றிக் கொடுத்து இரும்பு மோதிரங்களை அணிந்தனர். நாடகாசிரியர் பிராண்டெல்லோ தம் நோபெல் பதக்கத்தை அளித்தார். மிலான் நகரக் கர்தினால் சூசுடர் படையெடுப்பை நற்செய்திப் பணியாகவே வருணித்தார். நியூயோர்க்கிலிருந்த இத்தாலிய வமிசத்தினரும் பொன் அனுப்பினர். பொருளாதாரத் தடை மக்களை ஆட்சியாளரிடமிருந்து பிரிக்கும் என்பது எதிர்பார்ப்பு. அரைமனதுடன் விதிக்கப்பட்ட தடை அவர்களை ஆட்சியாளருடன் பிணைத்தது. பிரான்சிலும் அபிப்பிராயம் பிளவுண்டது. வலதுசாரி எழுத்தாளர் பலர் ஒக்டோபர் தொடக்கத்திலேயே 'மேற்குலகின் பாதுகாப்பு' என்ற பெயரில் அறிக்கை வெளியிட்டு, நாகரிக நாடொன்றையும் ஆபிரிக்கப் பழங்குடிகளையும் சமமாக வைத்தல் தகாது என வாதிட்டனர். அதற்கு மறுப்பாக இடதுசாரிகளும் கத்தோலிக்கச் சிந்தனையாளர் சிலரும் தனித்தனி அறிக்கைகள் வெளியிட்டனர்.

ஐரோப்பாவுக்கு வெளியேதான் எதிர்ப்பு வேறொரு தன்மை பெற்றது. இலண்டன் வாக்காளர்க்கு அபிசீனியா சங்கத்தின் உடன்படிக்கையைச் சோதிக்கும் ஒரு வழக்கு; குடியேற்றநாட்டு மக்களுக்கும் கறுப்பின மக்களுக்குமோ அது தம்முடைய வழக்கு. 1935 ஓகத்து மாதத்தில் நியூயோர்க்கின் ஹாலெம் பகுதியில் பல்லாயிரவர் ஊர்வலம் சென்றனர். எதியோப்பியாவுக்காகப் போரிடப் பலர் பெயர் பதிந்தனர். அமெரிக்கச் சட்டம் அதற்கு இடந்தரவில்லை. இலண்டனில் சி. எல். ஆர். ஜேம்சு, ஏமி ஆஷ்வூட் கார்வி, யோமோ கென்யாற்றா ஆகியோர் அபிசீனியாவின் ஆபிரிக்க நண்பர்களாக ஒரு சங்கம் அமைத்தனர். அமெரிக்காவுக்குச் செல்லும் வழியில் இலண்டனில் இறங்கிய இளைஞரான குவாமே நிக்ருமா, படையெடுப்புச் செய்தியைச் சுவரொட்டியிற் கண்டபோது நகரம் முழுவதுமே தம்மீது போர்தொடுத்தாற்போல் உணர்ந்ததாகத் தம் சுயசரிதையிற் கூறியுள்ளார். தென்னாபிரிக்கத் துறைமுகத் தொழிலாளர் இத்தாலியக் கப்பல்களிற் பொருள் ஏற்ற மறுத்தனர். இந்தியாவில் 1936 மே மாதம் காங்கிரசு அபிசீனிய தினத்தை அனுட்டித்தது. அதற்குச் சில வாரங்கள் முன்னர், மனைவியை இழந்து ஐரோப்பாவிலிருந்து திரும்பிய நேரு, உரோமாபுரியிலே தம்மைக் காண விழைந்த முசோலினியைச் சந்திக்க மறுத்திருந்தார்.

முற்போக்காளரை வாட்டிய வினாவொன்று இங்கு எழுகின்றது. எதியோப்பியா நிலமானிய நாடு; அங்கே அடிமைமுறை முற்றாக ஒழிந்திருக்கவில்லை; அதனை ஆண்டவர் ஒரு பேரரசர். இத்தாலி இவற்றையெல்லாம் தொகுத்துப் பருமனான ஆவணமொன்றைச் சங்கத்திற் சமர்ப்பித்தது. அடிமைகளை விடுவிக்கவே படை செல்கின்றது என்பது அதன் வாதம். மறுபுறம், பிரித்தானியத் தொழிற்கட்சியிலும் சங்கமே ஏகாதிபத்தியவாதிகளின் கூடாரம் என்று கூறித் தடைகளை எதிர்த்தோர் இருந்தனர். சுடபோர்ட் கிறிப்சு அவர்களுள் ஒருவர். போரை முற்றாக வெறுத்த கட்சித் தலைவர் லான்சுபரியோ இவ்விவாதத்தையடுத்துத் தலைமையையே துறந்தார். ஜேம்சு வேறொரு வழி காட்டினார்: ஏகாதிபத்திய அரசுகளின் தடையை நம்பலாகாது, தொழிலாளரே நேரடியாகத் தடை விதிக்க வேண்டும் என்றார்; அதே வேளை எதியோப்பியப் படையிற் சேரவும் தாம் முன்வந்ததாக எழுதினார். அரசனை ஆதரிக்காமலே அரசனின் நாட்டை ஆதரிக்க இயலும் என்பதற்கு அவரது நிலைப்பாடு சான்று. ஒரு சமூகத்தின் உள்ளக அநீதி அயலான் அதனை ஆள்வதற்கு உரிமைப்பத்திரம் ஆகாது என்பதில் எமக்கும் ஐயமில்லை. ஆயின் தொழிலாளர் தடை என்ற அவரது வழி, சில துறைமுகங்களுக்கு அப்பால் விரியவில்லை என்பதையும் ஏற்றாகவேண்டும்.

போர்க்களத்தில் நிகழ்ந்தது இவ்விவாதங்களுக்குக் காத்திருக்கவில்லை. 1935 டிசம்பர் இறுதி தொடக்கம் இத்தாலிய விமானங்கள் கடுகு வாயுவைப் பொழிந்தன. நச்சுவாயுவைத் தடைசெய்யும் 1925ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தத்தை இத்தாலி 1928இலேயே ஏற்றிருந்தது. சுவீடன் நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மருத்துவக் குழுவும் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவின் பிரதிநிதியான மார்சல் யுனோட் வாயுவின் கொடுமையை நேரிற் கண்டார்; ஆனால் நடுநிலையைக் காரணங்காட்டி அக்குழு தன்னிடமிருந்த சான்றுகளைச் சங்கத்துக்கு வழங்க மறுத்தது. 1936 மார்ச்சு 7ஆந் திகதி ஹிட்லர் ரைன்லாந்தினுட் படைகளை அனுப்பியதும் ஐரோப்பாவின் கவனம் முற்றாகத் திரும்பிற்று. அம்மாத இறுதியில் மைச்சௌ போரில் எதியோப்பியப் படை முறியடிக்கப்பட்டது. மே 5ஆந் திகதி அடிசு அபாபா வீழ்ந்தது.

யூன் 30ஆந் திகதி பேரரசர் ஹைலே செலாசி ஜெனீவாவிற் பேச எழுந்தபோது இத்தாலியப் பத்திரிகையாளர் சீழ்க்கையடித்து இடையூறு செய்தனர். உருமேனியப் பிரதிநிதி தித்துலெஸ்கு சினந்தெழுந்து, அக்காட்டுமிராண்டிகளை வெளியேற்றுமாறு கூவினார். பேரரசர் தம் தாய்மொழியான அம்காரிக்கிலேயே பேசினார். தம் மக்களுக்கு நேர்ந்ததை விரித்துரைத்து, சங்கத்தின் உயிரே இங்குப் பரீட்சிக்கப்படுகின்றது என்றார். இரு வாரங்களின் பின், யூலை 15ஆந் திகதி, தடைகள் நீக்கப்பட்டன. அவற்றைத் தொடர்வது பித்துக்கொள்ளித்தனம் எனும் பொருள்பட நெவில் சேம்பர்லேன் முன்னரே பேசியிருந்தார். 1938 நவம்பரில் பிரித்தானியா இத்தாலியின் வெற்றியைச் சட்டபூர்வமாக அங்கீகரித்தது.

அங்கீகரிக்க மறுத்த அரசுகள் மிகச் சிலவே. அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், சீனா, மெக்சிக்கோ என்பன அவற்றுட் சில. அடிசு அபாபாவில் மெக்சிக்கோவின் பெயரால் ஒரு சதுக்கம் விளங்குகின்றது. எதியோப்பிய மக்களோ எவருடைய அங்கீகாரத்தையும் எதிர்நோக்கியிருக்கவில்லை. மலைப்பகுதிகளில் தேசபக்தர் படைகள் ஐந்தாண்டுகள் போரிட்டன. 1937 பெப்ரவரியில் இத்தாலிய ஆளுநன் கிராசியானியைக் கொல்ல நிகழ்ந்த முயற்சியையடுத்துத் தலைநகரில் மூன்று நாட்கள் படுகொலை நிகழ்ந்தது. எதியோப்பிய அரசு பின்னர் கூறிய கணக்கின்படி மாண்டோர் 30,000 பேர். 1941 மே 5ஆந் திகதி, தலைநகர் வீழ்ந்து சரியாக ஐந்தாண்டுகள் நிறைந்த நாளில், பேரரசர் பிரித்தானியப் படைகளின் துணையுடன் அங்கு மீண்டும் நுழைந்தார்.

நச்சுவாயுவுக்காக எவரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படவில்லை. 1943இல் முசோலினி வீழ்ந்ததும் நேசநாடுகள் உடன்பாடு செய்துகொண்ட இத்தாலியப் பிரதமர், வாயுத் தாக்குதல்களை நடாத்திய தளபதி படோலியோவே. அத்தாக்குதல்கள் நிகழ்ந்தனவென்பதை இத்தாலியப் பாதுகாப்பு அமைச்சு ஒப்புக்கொள்ள 1996ஆம் ஆண்டு வரை ஆயிற்று. 2012இல், உரோமாபுரிக்கு அணித்தான அஃபிலே என்னும் சிற்றூரிலே பொதுப்பணத்திற் கிராசியானிக்கு நினைவகம் ஒன்று எழுப்பப்பட்டது.