வெசலும் வன்னி வெயிலும்

வவுனியாவிலிருந்து வடக்கே ஓமந்தை, புளியங்குளம் கடந்து கனகராயன்குளத்தை ஊடறுத்து மாங்குளம் நோக்கி நீள்கிறது ஏ9 வீதி. மலையேற்றம் இல்லை, நகரங்களின் நெருக்கடியும் இல்லை. இவ்வீதியில் ஓடும் யப்பானிய மகிழுந்துகளுள் தரையினின்று சற்றே உயர்ந்து நிற்கும் ஹொண்டா வெசலின் கலப்பின வகையை எடுத்துக்கொண்டு, அதன் வலிமையையும் நலிவையும் ஆராய்வோம். பெற்றோல் பொறியும் மின்னோடியும் இணைந்து இழுக்கும் ஊர்தி அது.

வெசல் 2013 திசம்பரில் யப்பானில் வெளிவந்தது. 2014 முதல் 2016 வரை தன் வகுப்பில் அந்நாட்டின் விற்பனையில் முதலிடம் அதற்கே. அங்கு புதிய மகிழுந்துக்கு மூன்றாம் ஆண்டு முடிவில் கட்டாயத் தகுதி ஆய்வு உண்டு. பின்னர் இரண்டாண்டுக்கு ஒருமுறை. அச்செலவைத் தவிர்க்கப் பலர் ஊர்தியை விற்றுவிடுவர். அவர்களும் நம்மைப் போல் வீதியின் இடப்பக்கம் ஓட்டுபவர்கள் ஆதலால், அவ்வாறு கைமாறியவை எந்த மாற்றமும் இன்றி நம் வீதிகளுக்குப் பொருந்தின. 2020 மார்ச்சில் இலங்கை ஊர்தி இறக்குமதியை நிறுத்தியது. தனியார் மகிழுந்துகளுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். ஆகவே இன்று விலை பேசப்படும் முதல் தலைமுறை வெசல்களுள் பல, பத்தாண்டு அகவையை எட்டியவை அல்லது தாண்டியவை. அகவை ஏறிய ஊர்தியை எடைபோட அதன் உள்ளமைப்பை அறிந்தாக வேண்டும்.

1.5 லீற்றர் பொறி 132 குதிரைவலுவையும் மின்னோடி ஏறத்தாழ 29 குதிரைவலுவையும் தரவல்லவை. இரண்டையும் சக்கரத்தோடு பிணைப்பது ஏழு படிகள் கொண்ட பற்சக்கரப் பெட்டி. அதில் இரண்டு கிளச்சுகள்: ஒன்று ஒற்றைப்படைப் படிகளுக்கு, மற்றது இரட்டைப்படைப் படிகளுக்கு. ஒரு படி இழுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த படி ஆயத்தமாக நிற்கும். எண்ணெயில் விசையை இழக்கும் பழைய தானியங்கிப் பெட்டியைவிட இதில் வீணாகும் ஆற்றல் குறைவு. வெசலின் சிக்கனத்துக்கு இது பெருங்காரணம்.

அதன் நோய்க்கும் இதுவே மூலம். இக்கிளச்சுகள் உலர்ந்தவை, எண்ணெயில் தோய்ந்து குளிர்பவை அல்ல. தட்டுகள் வழுக்கி உராயும்போது பிறக்கும் வெப்பம் காற்றினால் மட்டுமே தணிய வேண்டும். மின்கலத்தில் மின் இருக்கும்வரை ஊர்தியை நிலையிலிருந்து நகர்த்துவது மின்னோடி; அப்போது கிளச்சுக்குத் துன்பமில்லை. ஆனால் வன்னியின் பங்குனி, சித்திரை வெயிலில் குளிரூட்டி ஓயாது ஓடுகிறது. அதன் அமுக்கியும் அதே மின்கலத்திலிருந்தே மின்னை உறிஞ்சுகிறது. குளக்கட்டின் கிரவல் பாதையில் மாட்டுப்பட்டியின் பின்னே ஊர்ந்து சென்றால், மின்கலத்தை மீண்டும் நிரப்பும் அளவுக்கு வேகமும் கிடைப்பதில்லை. மின் இறங்கியதும் பொறி முன்வர, கிளச்சு வழுக்கி வழுக்கி ஊர்தியை நகர்த்துகிறது. வெப்பம் ஏறுகிறது, நடுக்கம் தோன்றுகிறது, இறுதியில் எச்சரிக்கை விளக்கு ஒளிர்கிறது. 2014 இல் ஹொண்டா இப்பெட்டியின் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக வெசலையும் அதன் உறவான ஃபிற்றையும் ஒருமுறைக்கு மேல் மீட்டழைத்தது. மென்பொருள் திருந்திற்று, உலர் தட்டின் இயல்பு மாறவில்லை.

சிக்கனத்தைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆட்களோடு 1,400 கிலோகிராம் எடையுள்ள ஊர்தி மணிக்கு 70 கிலோமீற்றரில் செல்லும்போது, அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 265 கிலோயூல். சாதாரண மகிழுந்தில் தடையை மிதித்ததும் அது முழுவதும் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடும். அதை மீண்டும் ஈட்டப் பொறிக்கு ஏறத்தாழ 25 மில்லிலீற்றர் பெற்றோல் வேண்டும். வெசல் அதில் ஒரு பகுதியை மின்னாக மீட்கிறது. நின்று நின்று செல்லும் நகரில் இம்மீட்பு பெரிது. தடையின்றி ஓடும் ஏ9 இல் சிறிது. அங்கே எரிபொருளைத் தின்பது காற்றின் எதிர்ப்பு. வேகம் 70 இலிருந்து 100 ஆக உயர்ந்தால் அவ்வெதிர்ப்பு இரண்டு மடங்காகும். உயர்ந்த உடலமைப்புக்கு அந்தச் சுமை இன்னும் கூடும். யப்பானியச் சோதனையில் லீற்றருக்கு 27 கிலோமீற்றர் என்று பதிந்த வகையை, இங்கு 18 என்று மதிப்பதே அறிவுடைமை. 2022 இல் மகிழுந்துக்கு வாரம் 20 லீற்றர் என்று கியூஆர் குறியீட்டில் பங்கிட்ட நாள்களில் அந்த 18 எத்துணைப் பெரிய கொடை என்பதை, வவுனியா மருத்துவமனைக்கு நோயாளியை ஏற்றிச் சென்ற எந்தக் குடும்பமும் சொல்லும்.

மின்கலம் தனிக் கவனத்துக்கு உரியது. 48 இலிதியக் கலங்கள் தொடராக இணைந்து 172.8 வோல்ற்றுத் தருகின்றன. தொடர் இணைப்பில் மிக நலிந்த கலமே முழுத் தொகுதியின் எல்லையை வகுக்கும். வெப்பம் ஏறினால் கலத்துள் நிகழும் வேதியழிவு விரையும். பத்துப் பாகை உயர்வுக்கு ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பருமட்டான கணக்கு. அதைத் தணிக்க, ஊர்தியின் உள்ளறைக் காற்றையே ஒரு விசிறி இழுத்து அனுப்புகிறது. இங்குதான் நம் வாழ்முறை குறுக்கிடுகிறது. எரிபொருள் தொட்டி முன்னிருக்கைகளின் கீழ் இருப்பதால், பின்னிருக்கையை மடித்தால் நல்ல தாழ்வான பரப்புக் கிடைக்கும். நெல் மூட்டையும் உழுந்து மூட்டையும் அதில் ஏறுகின்றன. அவற்றின் தூசும், திறந்த கண்ணாடி வழியே புகும் கிரவல் புழுதியும் அக்காற்றுவழியில் படிகின்றன. விசிறி அடைபட்டால் கலங்கள் வெந்து முதுமையடையும். பல இலட்சம் ரூபாய் விலையுள்ள தொகுதி இவ்வாறு பாழாவதை நினைக்க மனம் வருந்துகிறது. ஆண்டுக்கொருமுறை அவ்வழியைத் துப்புரவாக்க ஒரு மணி நேரம் போதும்.

முன்சக்கரங்கள் இழுக்கும் வகையின் அடித்தளம் தரையினின்று 185 மில்லிமீற்றர் உயர்ந்தது. குண்டும் குழியுமான ஒழுங்கைக்கு அது போதும். மாரியில் உழவு இயந்திரம் உழக்கிய வயற்பாதைக்குப் போதாது. மின்கலம் பொதியிடத்தின் அடியில் இருப்பதால், வாய்க்கால் பெருகிப் பாயும் இடத்தில் இறக்கவே கூடாது. நேரடியாக உருளைக்குள் எரிபொருள் பீச்சும் பொறியாதலால், உள்ளிழுக்கும் அடைப்பிதழ்களைப் பெற்றோல் கழுவுவதில்லை. கரி மெல்லப் படியும்.

வீதியோரத்தில் வாழ்ந்து, வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் தொலைப்பயணம் செல்பவர்க்கு வெசல் தக்க ஊர்தி. நாள்தோறும் உட்பாதைகளில் ஊர்ந்து பொதி சுமப்பவர்க்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாங்குபவர் காலைக் குளிரில் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். நண்பகலில், குளிரூட்டியை முழுவீச்சில் விட்டு, அரை மணி நேரம் மெல்ல ஊர்ந்து பாருங்கள்; நடுக்கம் இருந்தால் அப்போது வெளிப்படும். பின்னர் கணினிச் சோதனைக் கருவி உள்ள கராச்சில் 48 கலங்களின் மின்னழுத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்பே முற்பணம் கொடுங்கள்.