நுண்ணறிவுக்கு ஒரு கணித இலக்கணம்

ஒரு பொருளைப் பிற பொருள்களினின்றும் பிரித்துக் காட்டும் சிறப்பியல்பே இலக்கணம் எனப்படும். சொல்லவேண்டியதில் சில விடுபடல், பிறவற்றினும் சென்று பரத்தல், எதனிடத்தும் பொருந்தாமை என அதற்கு மூன்று குற்றம் கூறுவர் தருக்க நூலார். அவை முறையே அவ்வியாத்தி, அதிவியாத்தி, அசம்பவம் எனப்படும். மாந்தர்க்கும் பொறிக்கும் பொதுவாக நுண்ணறிவுக்கு இலக்கணம் வகுக்கப் புகுந்த கணினியியலார் இக்குற்றங்களை எங்ஙனம் எதிர்கொண்டனர் என்பதை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

ஷேன் லெக், மார்க்கஸ் ஹட்டர் ஆகிய இருவரும் உளநூலாரும் பிறரும் கூறிய ஏறத்தாழ 70 விளக்கங்களைத் தொகுத்து ஆராய்ந்து, 2007ஆம் ஆண்டில் தம் முடிபை வெளியிட்டனர். பல்வேறு சூழல்களில் குறிக்கோளை எய்தும் ஆற்றலே நுண்ணறிவு என்பது அதன் சாரம். வினைமுதல் ஒரு செயலைச் செய்கின்றது. சூழல் அதற்கு ஒரு காட்சியையும் ஒரு பயனளவையும் மறுமொழியாகத் தருகின்றது. இவ்வாறே இஃது தொடர்கின்றது. தொல்காப்பியர் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாகப் பகுத்தது அவை பெற்ற பொறிபுலன்களையும் மனத்தையும் நோக்கி. இவ்விருவரோ, வினைமுதல் எதனால் ஆயது, எங்ஙனம் எண்ணுகின்றது என்று வினவாது, விளைந்த பயனையே நோக்கினர்.

சூழல்கள் எண்ணிறந்தன. எல்லாவற்றிற்கும் ஒரே நிறை தந்து கூட்டின் தொகை எல்லையின்றிப் பெருகும். ஆகலின் எளிய சூழலுக்கு மிக்க நிறையும் அரியதற்குக் குறைந்த நிறையும் வகுத்தனர். எளிமையை அளக்கும் கோல் யாது? 1960களில் ரே சாலமனாவும் ஆந்திரேய் கோல்மோகோரோவும் தனித்தனியே கண்ட கருத்து இங்குப் பயன்பட்டது. ஒன்றை முற்றும் விவரிக்கும் மிகச் சுருங்கிய கணினி நிரலின் நீளமே அதன் சிக்கலளவு என்பது அக்கருத்து. ‘01 என்பதை 1000 முறை எழுதுக’ என்பது குறுகிய கட்டளை. நாணயத்தைச் சுண்டிப் பெற்ற 2000 இலக்கங்களுக்கோ அத்தகைய சுருக்கம் பெரும்பாலும் அமையாது. நிரலின் நீளம் ஓரிலக்கம் கூடுந்தோறும் நிறை பாதியாகும். 10 இலக்க நிரலின் நிறை 1024இல் ஒரு பங்கு. ஒவ்வொரு சூழலிலும் பெறும் சராசரிப் பயனை அதன் நிறையாற் பெருக்கிக் கூட்டுக. வருந்தொகையே நுண்ணறிவின் அளவு.

சதுரங்கம் ஒன்றே வல்ல பொறி பிற சூழல்களில் தோற்றலின் அதன் தொகை சிறிதாம்; அதிவியாத்தி நீங்கிற்று. மாந்தர்க்கே உரிய உடலும் மொழியும் வேண்டப்படாமையின் அவ்வியாத்தியும் நீங்கிற்று. மிகச் சுருங்கிய நிரலை எல்லாவற்றிற்கும் கண்டுதரும் கணிமுறை இல்லை என்பது நிறுவப்பட்ட உண்மை. ஆகவே இத்தொகையை எவரும் முற்றக் கணக்கிடல் இயலாது. எனினும் கணக்கிட இயலாமை வேறு, பொருந்தாமை வேறு. ஆதலின் இதனை அசம்பவம் என்றல் அமையாது.

உண்மையான இடர் பிறிதோரிடத்தில் உள்ளது. நிரலும் ஒரு மொழியிலேயே எழுதப்படுகின்றது. ஒரு மொழியில் ஒரு சொல்லால் அமைவது மற்றொன்றில் ஒரு தொடராக விரிதலை மொழிபெயர்ப்போர் நன்கறிவர். அங்ஙனமாயின், எம்மொழியிற் சுருங்கியது எளியது? இருமொழிகட்கிடையே உள்ள வேறுபாடு ஒரு நிலையெண்ணைக் கடவாது என்பது கணிதர் விடை. நெடிய நிரல்களில் அவ்வெண் பொருட்படுத்தத் தக்கதன்று. ஆயின் மிக்க நிறை பெறுவன குறுநிரல்களே. அங்கு அவ்வெண் முடிவையே மாற்றிவிடும். ஹட்டர் 2000ஆம் ஆண்டில் ஐக்சி என்னும் கருத்தளவான வினைமுதலை வகுத்திருந்தார். தன் மொழியால் அளக்குங்கால் முதலிடம் பெறும் அது, தக்கதொரு வேற்றுமொழியால் அளக்குங்கால் கடையிடத்தை அணுகும் என்பதை 2015இல் யான் லைக் என்பாரும் ஹட்டரும் நிறுவினர். தம் கொள்கையின் குறையைத் தாமே காட்டிய நேர்மை போற்றத்தக்கது.

2019இல் பிரான்சுவா ஷோலே வேறு நெறி கண்டார். பெற்ற திறன் நுண்ணறிவு ஆகாது. முன்னறிவையும் பயிற்சியையும் கணக்கிற் கொண்டு, புதுத்திறனை எத்துணைச் சிக்கனமாகப் பெறுகின்றது என்பதே நுண்ணறிவு என்றார். மாந்தர் இயல்பாகப் பெற்ற முன்னறிவையே அளவுகோலுக்கு அடிப்படையாகக் கொண்டமையை அவர் வெளிப்படையாகவும் உரைத்தார்.

கணிதக் குறியீடு இலக்கணத்திற்குத் திட்பம் தருகின்றது. தேர்வு செய்யும் பொறுப்பினின்றும் இலக்கண ஆசிரியனை விடுவிப்பதில்லை. பொறியொன்று மாந்தரை விஞ்சியது எனக் கேட்குந்தோறும், எச்சூழலில், எவர் வகுத்த நிறையால், எம்மொழியின் கோலால் என வினவுதல் கடன். சொல்லையும் பொருளையும் ஆராய்வார்க்கும் அவ்வினாவில் உரிமை உண்டு என்பது எம் துணிபு.