நகர்ந்தும் நின்ற சுவர்

1995 ஜனவரி 17 அதிகாலை 5:46 மணிக்கு ஜப்பானின் கோபே பகுதியை உலுக்கிய நிலநடுக்கம் 6,400-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. ரயில் பாதையைத் தாங்கிய பழைய கான்கிரீட் சுவர்கள் பல இடங்களில் கவிழ்ந்தன. ஆனால் தனாட்டா என்ற இடத்தில் 1992இல் கட்டி முடித்த சுமார் 6 மீட்டர் உயரச் சுவர் விழவில்லை. உச்சி 26 சென்டிமீட்டரும் அடிப்பகுதி 10 சென்டிமீட்டரும் முன்னால் நகர்ந்திருந்தன, அவ்வளவுதான். அக்கம்பக்கத்து வீடுகளோ இடிந்து கிடந்தன.

அதன் பலம் வெளியே தெரிந்த கான்கிரீட்டைவிட, பின்னாலிருந்த மண்ணில்தான் இருந்தது. மண் அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் பிரிந்துவிடும். அந்தக் குறையைத் தீர்க்கவே மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி, உருளை ஓட்டி இறுக்கி, 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாக பாலிமர் வலை விரிக்கிறார்கள். முகப்பில் சரளை நிரப்பிய பைகளை அடுக்கி, வலையை அவற்றின்மேல் மடக்கி மண்ணுக்குள் விடுகிறார்கள். மண் நன்றாக அமர்ந்த பிறகுதான் முகப்புக்குக் கான்கிரீட் வார்ப்பது. வைக்கோல் கலந்து மிதித்த சேற்றுச் சுவரைப் போல, மண்ணும் வலையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரே கட்டியாகிவிடுகின்றன.

நிலம் ஆடும்போது அந்தக் கட்டியின் எடையே அதை வெளியே தள்ளப் பார்க்கிறது. ஆட்டம் ஒரு வரம்பைத் தாண்டும் கணத்தில் மட்டும் அது கொஞ்சம் சறுக்கும். ஆட்டம் திசை மாறியதும் நின்றுவிடும். இந்தச் சிறுசிறு சறுக்கல்களைக் கூட்டி மொத்த நகர்வைக் கணக்கிடும் முறையை அமெரிக்கப் பொறியாளர் நியூமார்க் 1965இல் வகுத்துக் கொடுத்தார். விழுமா, விழாதா என்பதோடு நிற்காமல், எவ்வளவு நகரும் என்றும் கேட்க வைத்த முறை அது. ரயில் பாதைக்கு இந்தக் கேள்விதான் முக்கியம் என்பேன். சில சென்டிமீட்டர் நகர்ந்த பாதையைச் சீர்செய்துவிடலாம்; சரிந்து போன கரையை அப்படிச் செய்ய முடியாது.

வலை போட்டால் போதும் என்று நம்பிவிடவும் கூடாது. 1999 செப்டம்பர் 21 அன்று தைவானை உலுக்கிய சிச்சி நிலநடுக்கத்தில், புலி நகரருகே தேசிய சி நான் பல்கலைக்கழகத்தில் சுமார் 40 மீட்டர் உயர வலையிட்ட சரிவு இடிந்து விழுந்தது. வலை எவ்வளவு உறுதியாக இருந்தாலும், நீளம் போதாவிட்டால் சறுக்குத்தளம் அதற்கும் பின்னால் உருவாகி, வலையும் மண்ணும் சேர்ந்தே சரியும். களிமண் மிகுந்த நிரப்பு மண்ணில் வலைக்குப் பிடிமானம் குறையும். மழைநீரும் வடியாமல் தங்கிக்கொள்ளும். அதனால் வலையின் உறுதியைச் சோதிப்பதோடு, அது எவ்வளவு தூரம் உள்ளே போகிறது, எந்த மண்ணில் புதைகிறது, தண்ணீர் எந்த வழியாக வெளியேறும் என்பதையும் கட்டும்போதே பார்த்தாக வேண்டும்.